பருவலையை ஒரு பாகம் (ஆறடி) இறக்கிக் கட்டினோம்: நான்கு பருவத்து அனுபவம்

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரியில் எங்களுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. நான், தம்பி, தாய்மாமா, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என நான்கு பேர் தொழிலுக்குப் போகிறோம். கச்சான் காற்று ஓய்ந்ததும் பருவலை, அதாவது கடலில் சுவர் மாதிரி நிற்கும் பெரிய கண்ணி வலை, எடுத்தால் பங்குனி வரை அதுதான். சீலா, சூரை, கேரை, பாறை எல்லாம் அதில்தான் வரும். மற்ற நாட்களில் தூண்டிலும் சாளை வலையும்.

2021 தை மாதம், விடிவதற்கு ரொம்ப முன்னால் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு இடத்தில் கனம் கூடியது. பெரிய சீலா என்று நினைத்துத் தம்பி கொக்கியைத் தூக்கிவிட்டான். டார்ச் அடித்துப் பார்த்தால் பங்குனி ஆமை. ஒரே துண்டு வலையில் இரண்டு. ஒன்றுக்கு உயிர் இல்லை, கழுத்து தொங்கிவிட்டது. இன்னொன்றின் முன்துடுப்பை நைலான் நூல் நாலைந்து சுற்றுச் சுற்றித் தோலுக்குள் இறங்கியிருந்தது. கத்தியை நுழைக்க இடமில்லை. நான் துடுப்பை அமுக்கிப் பிடிக்க, தம்பி நூலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி அறுத்தான். அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிய சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. முட்டையிடக் கரைக்கு வந்த தாய் ஆமை. எங்கள் தாத்தா காலத்தில் ஆமைக்கறி தின்றவர்கள் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் மெல்ல மெல்ல நின்றது. இப்போது யாரும் ஆமையைத் தேடிப் போவதில்லை. ஆனால் தேடாமலே வலையில் வந்து சாகிறது.

கரையில் ஆமை ஒதுங்கினால் விசைப்படகைக் கைகாட்டுவது நமக்குப் பழக்கம். அதில் உண்மை இருக்கிறது. 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கியதை எல்லோரும் படித்தோம். விசைப்படகின் இழுவை மடியில் (இழுவலையில்) சாய்வாகக் கம்பிச் சட்டம் வைத்து, மேலோ கீழோ ஒரு வாசல் விட்டால் ஆமை வெளியே போய்விடும். கம்பிக்குக் கம்பி 10 செ.மீ. இடைவெளிதான், இறால் உள்ளே போகும், ஆமை போகாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி இதைச் செய்து கொடுத்தும் பெரும்பாலானவர்கள் மாட்டவில்லை. இது இல்லை என்றுதான் அமெரிக்கா 2018இல் இருந்து நம் கடல் இறாலை வாங்காமல் நிறுத்தி வைத்தது. சரி, அது அவர்கள் கதை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் என்று நம் கரை முழுவதும் இருப்பவை வள்ளங்கள். அன்று இரவு அந்த இரண்டு ஆமையும் மாட்டியது என் வலையில். இதை ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு வேறு யோசனையே ஓடியது.

தம்பிதான் முதலில் விளக்கு வலையைப் பற்றிச் சொன்னான். மெக்சிகோவில், பாஹா கலிஃபோர்னியா பக்கம், நம் பருவலை மாதிரியான செவுள் வலையின் மேல்கயிற்றில் பச்சை எல்.இ.டி. விளக்கு கட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், வேண்டாத உயிர்கள் மாட்டுவது எடைக்கணக்கில் 63 சதவீதம் குறைந்தது. திருக்கை, சுறா வகைகள் 95 சதவீதம் குறைந்தன. வலை இழுத்துச் சிக்கெடுக்கும் நேரமும் பாதிக்கு மேல் மிச்சம். படிக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் கடலில் விளக்கு வைத்து மீன் பிடிப்பதற்கு 2017 நவம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. அந்தத் தடை வேண்டும் என்று நின்றவர்கள் நாட்டுப்படகுக்காரர்களான நாம்தான். மீனை இழுக்கும் விளக்கு இல்லை, ஆமையை விலக்கும் விளக்கு என்று நடுக்கடலில் யாரிடம் சொல்லி நம்ப வைப்பது? அரசே முன்னின்று சோதித்து அனுமதி கொடுக்கட்டும், அன்றைக்குக் கட்டலாம் என்று அதை விட்டுவிட்டோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது பாகிஸ்தான் கடலில் செய்து பார்த்த ஒரு முறை. அங்கே சூரைக்கு வலை விடும் படகுகள் 2013 முதல் 2017 வரை வலையின் மேல்கயிறு நீர்மட்டத்தில் மிதக்காமல் இரண்டு மீட்டர் கீழே நிற்கும்படி விட்டார்கள். ஓங்கல் (டால்பின்), திமிங்கில வகைகள் மாட்டுவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. யோசித்தால் நியாயமாகவே படுகிறது. ஆமையும் ஓங்கலும் மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும். மேலே வரும் இடத்தில் நாம் சுவர் கட்டி வைத்திருக்கிறோம்.

இரண்டு மீட்டர் என்றால் நம் கணக்கில் ஒரு பாகமும் ஒரு சாணும். மாமாவிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏ மாப்ள, மேல ஒரு பாகம் தொறந்து விட்டா, சீலாவுக்கு நீயே வாசல் வச்சுக் குடுத்த மாதிரில்லா ஆவும்!” என்றார். பங்குத் தொழிலில் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது, அது சரியும் அல்ல. அதனால் முதல் பருவம் இருபது துண்டு வலையில் பத்தைப் பழையபடியே விட்டு, பத்தை மட்டும் இறக்கிக் கட்டினோம். எந்தப் பாதியில் என்ன வந்தது என்று தம்பி மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன்.

மாற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. மேல்கயிற்றில் நெருக்கமாகக் கோத்திருந்த மிதப்பில் பாதிக்கு மேல் கழற்றினோம். வலை தானாக மேலே வராமல் லேசாக அமிழ வேண்டும், அதுதான் அளவு. பிறகு ஐந்து பாகத்துக்கு ஒன்றாகப் பெரிய போயா எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாகமும் ஒரு சாணும் உள்ள தொங்குகயிற்றால் மேல்கயிற்றோடு கட்டினோம். போயா நீரில் மிதக்கும், வலை அதில் தொங்கிக்கொண்டு கீழே நிற்கும். கழற்றிய மிதப்பு வேறு வலைக்கு ஆயிற்று. புதிதாக வாங்கியது போயாவும் கயிறும் மட்டும்தான். ஒரு நல்ல நாள் மீன்பாட்டில் அந்தச் செலவு வந்துவிட்டது.

முதல் மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. வலை விடும்போது தொங்குகயிறு மேல்கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் கயிறு குட்டையாகிவிடும், வலை அந்த இடத்தில் மட்டும் மேலே ஏறி நிற்கும். போயா அடுத்த துண்டின் கண்ணிக்குள் நுழைந்து அங்கே ஒரு சிக்கல். ஒரு இரவு பாதி வலையை விடாமலே திரும்பி வந்தோம். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வழி கிடைத்தது கரையில் இல்லை, திசையன்விளையில். அங்கே தெரிந்தவர் ஒருவரின் முருங்கைத் தோட்டத்தில் பழைய சொட்டுநீர்க் குழாய் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அதைத் துண்டாக வெட்டித் தொங்குகயிற்றுக்கு உறை மாதிரி மாட்டினோம். கயிறு விறைப்பாக நின்றது, சுற்றுவது அநேகமாக நின்றுபோனது. இந்த மாற்றம் எங்கள் வள்ளத்தில் நிலைத்ததற்குக் காரணம் அந்தக் குழாய் என்றே சொல்வேன்.

இனி நோட்டில் உள்ளது. முதல் பருவத்தில் பழைய பாதியில் ஆறு ஆமை, இறக்கிய பாதியில் ஒன்று. சூரையும் கேரையும் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய சமம். சீலாவில் மாமா சொன்னது முழுக்கத் தப்பில்லை. நல்ல இருட்டில் சீலா மேலோடி வரும்போது பழைய பாதியில் பத்து வந்தால் இறக்கிய பாதியில் எட்டோ ஒன்பதோதான். முரல் மீன் சுத்தமாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஆமை கிழித்த கண்ணியைக் கோத்துக்கொண்டு இரண்டு நாள் கரையில் உட்காரும் வேலையும் குறைந்தது. இன்னொன்றை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. இரவில் வழி தெரியாமல் குறுக்கே போகும் படகுகளின் விசிறி முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு முறையாவது எங்கள் வலையை அறுத்துவிடும். இறக்கிக் கட்டிய பிறகு ஒரு முறைகூட அறுபடவில்லை. மாமாவின் மனம் மாறியது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அடுத்த பருவம் இருபது துண்டையும் இறக்கினோம். அதிலிருந்து மூன்று பருவத்தில் மொத்தம் நான்கு ஆமை மாட்டியது, மூன்றை உயிரோடு விட்டோம். ஓங்கல் ஒன்றும் மாட்டவில்லை. முன்பும் எப்போதோ ஒன்றுதான் மாட்டும் என்பதால் அதை வைத்து நான் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கொம்புத் திருக்கை மாட்டுவது குறையவே இல்லை, அது கீழேயும் வருகிறது. நீவாடு (நீரோட்டம்) பலமாக இருந்தால் வலை சாய்ந்து இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். பார் (கடலடிப் பாறைத்திட்டு) உள்ள இடங்களில் அடிக்கயிறு பாறையில் மாட்டி ஒரு முறை இரண்டு துண்டை இழந்தோம். அறுந்த வலை கடலடியில் கிடந்தால் அதுவும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் கிடக்கும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இப்போது பார் பக்கம் இந்த வலையை விடுவதே இல்லை.

தூண்டிலிலும் ஒரு மாற்றம் செய்தோம். சாதாரண முள்ளுக்குப் பதில் வட்டத் தூண்டில். முனை உள்பக்கமாகத் திரும்பியிருப்பதால் ஆமை விழுங்கினாலும் தொண்டையில் ஏறுவது குறைவு, பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். முதலில் வாங்கிய கட்டு தரமில்லை, இரண்டு மாதத்தில் துருப்பிடித்து முறிந்தது. பிறகு ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பழகிய தூத்தூர் பக்கத்துச் சொந்தக்காரர் மூலம் நல்லது கிடைத்தது. இதில் கை பழக வேண்டும். மீன் கடித்ததும் சுண்டக் கூடாது, நிதானமாக இழுத்தால் தானே மாட்டும். களவாவும் விளமீனும் உயிரோடு வருவதால் ஏலத்தில் விலையும் பரவாயில்லை. இரை கோப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

அப்புறம், ஆமை மாட்டினால் என்ன செய்வது என்பது வலையைப் போலவே முக்கியம். துடுப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்க வேண்டும். 40 கிலோ வரை இருக்கும், இரண்டு பேர் வேண்டும். அசையவில்லை என்றால் செத்துவிட்டது என்று உடனே கடலில் போடாதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, ஈரச்சாக்கைப் போர்த்தி விடுங்கள், மூக்கை மட்டும் மூடக் கூடாது. நுரையீரலில் போன தண்ணீர் வடியும். நான்கு மணி நேரம் முதல் ஒரு நாள் வரைகூட ஆகலாம். போன மாசியில் ஒன்று அப்படித்தான் கிடந்தது. கண் இமையைத் தொட்டால்கூட அசைவில்லை. பலகையில் சாய்த்து வைத்துவிட்டு மீதி வலையை இழுத்தோம். உவரிக் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பின்னால் தட் என்று ஒரு சத்தம். துடுப்பால் பலகையை அடித்துக்கொண்டிருந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு, மாமாவும் நானும் ஓரத்தில் தாழ்த்தி, தலை முன்னால் போகும்படி விட்டோம். ஒரு முறை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டுப் போய்விட்டது. மாமா கையை உதறிக்கொண்டு, “கூத்தங்குழில மச்சான் வலைக்கும் இத மாதிரி கட்டிக் குடுக்கணும், கொழா எங்க கெடைக்கும்னு கேட்டான்” என்றார்.

குழாய் வாங்குகிறவர்கள் 16 மி.மீ. கேளுங்கள். 12 மி.மீ. ஒரு பருவ வெயிலுக்கே வெடித்துவிடுகிறது.