தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்: கோட்டையிலிருந்து தொடங்குங்கள்

ஊழியத்தில் சோர்ந்தவர்களைக் கூட்டிப்போக ஏற்ற இடம். ஆனால் நேரே ஆலயத்துக்குப் போகாதீர்கள், முதலில் டேனிஷ் கோட்டை. இந்த ஆலயத்தைக் கட்டிய மிஷனரி சீகன்பால்கு 1708 இறுதியில் சிறை வைக்கப்பட்டது அங்கேதான், சுமார் நான்கு மாதம். அடைத்தது அந்நிய எதிரி அல்ல. அவரை அனுப்பிய டென்மார்க்கின் சொந்த அதிகாரியே! வெளியே வந்தவர் 1711இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகாது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து 1715இல் அச்சேற்றினார்கள்.

பிறகு ராஜா வீதி ஆலயம். முகப்பில் கிரீடமும் 1718 என்ற ஆண்டும். உள்ளே பீடத்தருகே அவர் கல்லறை. இறந்தபோது வயது 36தான்.

ஆராதனை நடக்கும் ஆலயம், ஞாயிறு காலை சுற்றிப் பார்க்கத் தோதுப்படாது. வேன்காரர் கடற்கரைக்கு அவசரப்படுத்தினால், இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.