பழைய கேமிங் பிசியில் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு: பதினாறாயிரத்து சொச்சத்தில் முடிந்த அப்கிரேடு

2018 கடைசியில் அசெம்பிள் பண்ணிய பிசி இது. ப்ராசஸர் ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக். நானும் தம்பியும் ஏழு வருஷம் மாறி மாறி உட்கார்ந்து ஓட்டியாயிற்று. 2025-ல் புது கேம் எதைப் போட்டாலும் திக்கித் திணற ஆரம்பித்ததும், "புதுசே வாங்கிடலாம்ணா, இஎம்ஐ இருக்குல்ல" என்றான் தம்பி. விசாரித்த கடை எதிலும் 65 ஆயிரத்துக்குக் கீழே கொட்டேஷன் வரவில்லை. என் கையில் இருந்தது 20 ஆயிரம். கடன் வாங்கி விளையாட எனக்கு மனசு வரவில்லை.

பட்ஜெட் இவ்வளவுதான் என்றால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பாருங்கள், அப்புறம் கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் படம் வருகிறது என்ற கணக்கு) நன்றாக ஏறினால் திணறுவது கார்டு. ஏறவே இல்லை என்றால் ப்ராசஸர். எனக்கு சைபர்பங்க் 2077-ல் 38-லிருந்து 56-க்கு ஏறியது, கார்டு 99 சதவீதத்தில் நின்றது, ஆக கார்டுதான். வாலரண்ட்டில் ஒரு மாற்றமும் இல்லை, அது முழுக்க ப்ராசஸரை நம்பி ஓடுகிற கேம், கார்டு மாற்றி அதில் ஒன்றும் கிடைக்காது. ரேம் வேறு 7.6 ஜிபி வரை நிரம்பி நின்றது. எல்டன் ரிங்குக்குக் குறைந்தபட்சமே 12 ஜிபி வேண்டும், நான் 8-ல் ஓட்டிக்கொண்டு குதிரையில் போகும்போதெல்லாம் படம் ஏன் நிற்கிறது என்று கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

1060-ஐ இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அது 2016-ல் வந்த கார்டு, அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) 2025 அக்டோபரோடு நிறுத்தம் என்று அதைச் செய்த என்விடியாவே அறிவித்துவிட்டது, அதற்கு மேல் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போல் கணக்கிட்டுக் காட்டும்) வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காத கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன. சரி, மாற்றியே ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6600 என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 8 ஜிபி மெமரி, 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் கனெக்டர் போதும். பி450 போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0தான், கார்டு அதைவிட வேகமான 4.0-வுக்குச் செய்தது, ஆனாலும் எட்டு லேன் (தகவல் போகும் பாதை) இருப்பதால் இழப்பு பெரிதாகத் தெரியாது. இதே போர்டில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு போட்டால் கதை வேறு, அதற்கு நாலு லேன், 4 ஜிபி மெமரிதான். விலை குறைவு என்று அதைத் தொடாதீர்கள்.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போனேன் (ஞாயிறு போனால் பெரும்பாலும் ஷட்டர்தான்). முதல் கடையில் காட்டிய கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க ஸ்க்ரூ ஒன்றின் தலை தேய்ந்திருந்தது, மெமரி இருக்கும் ஓரத்தில் தெர்மல் பேடிலிருந்து (சூட்டைக் கடத்தும் மெத்தை) எண்ணெய் கசிந்து பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ஓட்டிக் காட்டுங்கள் அண்ணே என்றேன். "எல்லாம் செக் பண்ணியாச்சு தம்பி, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். வந்துவிட்டேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசை கிராபிக்ஸ் கார்டு வைத்து எடுக்கும் மைனிங் நின்றபோது ராப்பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாக சந்தைக்கு வந்தன, அவை இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த தெருவில் ஒருவர் கேட்கும் முன்பே டெஸ்ட் பெஞ்சில் மாட்டி இருபது நிமிஷம் ஓட விட்டார், 72 டிகிரியில் நின்றது, ஃபேனில் உரசல் சத்தம் இல்லை. ஒரிஜினல் பில்லோடு 11,500 ரூபாய், கம்பெனி வாரண்டி பத்து மாசம் பாக்கி. பில் இல்லாமல் வாங்காதீர்கள், ஐநூறு ரூபாய் அதிகம் போனாலும் பரவாயில்லை.

கூடவே இன்னொரு 8 ஜிபி ரேம் 1,600, புது எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை) 550 வாட் 3,400. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு 6 பின் கனெக்டர்தான் இருந்தது, கன்வெர்டர் மாட்டினால் போதும் என்று கடையில் சொன்னார்கள். ஏழு வருஷமான சப்ளையை நம்பி கார்டைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. மொத்தம் 16,500.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம் என்று ப்ராசஸர் கூலரைத் தூக்கினேன். பழைய பேஸ்ட் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டிருந்தது, லாக் போட்ட சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்தே வந்துவிட்டது! நெஞ்சு நின்றுவிட்டது. ஒரு ஓரத்தில் இரண்டு பின் வளைந்திருந்தன, தம்பி மொபைல் டார்ச் பிடிக்க, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை உள்ளே விட்டு அரை மணி நேரம் நிமிர்த்தினோம். ஏஎம்4 (இந்த ரைசன்கள் உட்காரும் சாக்கெட்) வைத்திருப்பவர்கள் முதலில் பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுக்கவே கூடாது.

பலன்? சைபர்பங்க்கில் அதே செட்டிங்ஸில் முன்பு 38, இப்போது 62 முதல் 65 எஃப்பிஎஸ் வரை. கூட்டமான சந்தைத் தெருவில் 45-க்கு இறங்குகிறது, அங்கே ப்ராசஸரின் வயது தெரிகிறது. எல்டன் ரிங் அதன் உச்சமான 60-ல் நிற்கிறது, குதிரை ஓட்டத்தில் நிற்பது போயே போச்சு, அதற்கு முக்கால்வாசிக் காரணம் 1,600 ரூபாய் ரேம்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ரேமை முதலில் மாட்டி இரண்டு நாள் 1060-லேயே ஓட்டிப் பார்த்தேன், அப்போதே திக்கல் பெருமளவு அடங்கிவிட்டது. இரண்டு ஸ்டிக் போட்டதும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதியை, ஆன் செய்ய மறக்காதீர்கள். அதன் பிறகு ரேம் விலை ஏறிவிட்டது, பழைய டிடிஆர்4 ஸ்டிக் வீட்டில் கிடந்தால் விற்காதீர்கள்.

மீதிப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அடுத்து ரைசன் 5 5600 ப்ராசஸர் போடுவேன், இதே போர்டில் உட்காரும், பயாஸை மட்டும் முன்கூட்டியே அப்டேட் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-க்கு 2600-ஏ போதும், அதனால் அவசரம் இல்லை. ஆனால் உங்களுடையது நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5, பழைய டிடிஆர்3 ரேம் என்றால் இந்த வழி வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு வேலை மட்டும் பார்க்கும் (நாலே த்ரெட்) ப்ராசஸரில் இந்தக் கார்டு பாதி நேரம் சும்மா காத்திருக்கும். அந்தப் பணத்துக்கு செகண்ட் ஹேண்டில் பி450 போர்டும் ரைசன் 5 3600-உம் முதலில் தேடுங்கள், கார்டு ஆறு மாசம் கழித்து வரட்டும்.