கோயில் பந்தியா, காய்செகி விருந்தா? உணவுக் கட்டுப்பாட்டோடு கியோட்டோவில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் சைவக்காரரை மாட்டிவைப்பது தாஷி. தட்டில் கிடக்கும் மீனை ஒதுக்கிவிடலாம். சூப்பிலும் குழம்பிலும் வேகவைத்த காயிலும் கரைந்து போயிருக்கும் தாஷியை என்ன செய்வது? கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷியையும் நீரில் சூடாக்கி இறக்கும் சாறு அது. கட்சுவோபுஷி யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அந்நியமில்லை, மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்து, இழைப்புளியில் சீவுவார்கள். மாசி இடித்துச் சேர்த்த சம்பலைக் காட்டி "மாசி இல்லாமல் கொஞ்சம் வையுங்கள்" என்று கேட்டால் வீட்டுக்காரி எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் ஜப்பானியச் சமையல்காரரும் விழிப்பார்.

அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நமக்கு ஆகாதது தட்டின் மேல் இருக்கிறதா, அடுப்பில் கரைந்திருக்கிறதா? மேலே இருப்பதை மாற்றித் தருவார்கள். கரைந்ததை மாற்ற வேண்டுமென்றால் சமையலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காய்செகியை எடுத்துக்கொள்வோம். சுற்றுச் சுற்றாக வரும் விருந்து: சிறு தொடக்கம், மூடியிட்ட கிண்ணத்தில் தெளிந்த சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது, முடிவில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும். சமையல்காரர் தன் பெயரையே பணயம் வைப்பது அந்தச் சூப்பில்தான். அரக்குக் கிண்ணத்தின் மூடி ஆவியில் இறுகிப் பிடித்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பை இரு பக்கமும் லேசாக அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். திறந்ததும் யூசு என்ற எலுமிச்சை வகையின் தோல் மணம், அதன் பின்னால் புகை வாசம். அந்தப் புகை வாசம்தான் மீன். கியோட்டோவின் பெரிய கடைகள் ஹொக்காய்டோவிலிருந்து ரிஷிரி கொம்பை வரவழைப்பதும் இந்தக் கிண்ணத்துக்காகத்தான். பக்கத்துத் தட்டில் அப்பாவியாக உட்கார்ந்திருக்கும் சேப்பங்கிழங்கும் பூசணியும் அதே சாற்றில் முன்கூட்டியே வெந்து ஊறியவை. உட்கார்ந்த பிறகு "நான் வெஜிடேரியன்" என்றால் அவர்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. குறைந்தது ஒரு வாரம் முன்னதாக, முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். சில கடைகள் ஒத்துக்கொள்ளும், பல கடைகள் மறுத்துவிடும். "கொஞ்சம் சிரமம்" என்று இழுத்துச் சொன்னால் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம், கெஞ்சாதீர்கள்.

ஒத்துக்கொண்டாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இரவு விருந்து ஒரு ஆளுக்கு 20,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காசுக்கு அவர்கள் தினமும் செய்து கை பழகிய சமையல் நமக்குக் கிடைக்காது. நமக்காக அன்று யோசித்துச் செய்த மாற்றுதான் கிடைக்கும். மீன் வரவேண்டிய இடத்தில் மறுபடியும் டோஃபு, அதற்கடுத்த இடத்தில் இன்னொரு டோஃபு.

கோயில் சமையலான ஷோஜின் ரியோரியில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே மீன் இல்லாததுதான் சட்டம். 1237-இல் தோகென் என்ற ஜென் துறவி மடைப்பள்ளிப் பொறுப்பாளருக்கென்றே ஒரு வழிகாட்டி எழுதிவைத்தார். அரிசி கழுவுவதைக்கூட அடுத்தவரிடம் விடாதே என்கிற அளவுக்குக் கண்டிப்பு. அந்த மரபில் சாறு எடுப்பது கொம்பிலும் காய்ந்த ஷியிடாக்கே காளானிலும். ருசி குறையுமே என்று நினைக்க வேண்டாம். 1908-இல் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் இந்தச் சாற்றின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்ததே கொம்பிலிருந்துதான். கட்சுவோபுஷியில் இருக்கும் இனோசினேட் அந்தச் சுவையைத் தூக்கிக் கொடுக்கிறது. காய்ந்த காளானில் இருக்கும் குவானிலேட்டும் அதே வேலையைச் செய்கிறது. புகை வாசம் மட்டும் இருக்காது.

வெங்காயம், பூண்டு வகையறாவும் இந்தச் சமையலில் விலக்கு. ஏகாதசி, அமாவாசை பார்க்கிற வீட்டுப் பெரியவர்களை நிம்மதியாகக் கூட்டிப்போகலாம். சமணர்களுக்கு மட்டும் ஒத்துவராது: முள்ளங்கி, தாமரைத்தண்டு, சேப்பங்கிழங்கு எல்லாம் தாராளமாக வரும்.

கியோட்டோவில் இரண்டு இடங்கள். அராஷியாமாவில் தென்ரியுஜி கோயில் வளாகத்துக்குள் இருக்கும் ஷிகெட்சு; சாப்பாட்டுக் காசு போகத் தோட்டத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். இன்னொன்று தைதோகுஜி வளாகத்தில் உள்ள இசுசென். இங்கே துறவிகளின் பிச்சைப் பாத்திர மரபில் சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் பரிமாறுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் எல்லாம் ஒரே கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். இந்த வகைச் சமையலில் என் ஓட்டு எள் டோஃபுவுக்கு. பெயர்தான் டோஃபு, சோயாவே இல்லை: அரைத்த எள்ளையும் குட்சுக் கிழங்கு மாவையும் விடாமல் கிளறி உறையவைப்பது. சாப்ஸ்டிக்கில் எடுத்தால் ஒரு கணம் இழுபட்டுப் பிறகுதான் அறுபடும். மதியச் சாப்பாடு காய்செகி இரவு விருந்தின் விலையில் நாலில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சைவக்காரருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

ஆனால் கோதுமை ஆகாதவர் இதே கோயிலுக்குப் போனால் கதை தலைகீழ். மீன் இல்லாத இடத்தை நிரப்புவது பெரும்பாலும் ஃபு, அதாவது கோதுமைப் பசையத்திலேயே செய்த உருண்டை. கியோட்டோவின் பெருமைக்குரிய பண்டம் அது. பசையமே ஆகாத சீலியாக் நோயாளிக்கு விஷம். வழக்கமான சோயா சாஸிலும் கோதுமை உண்டு. இவர்களுக்குக் காய்செகிதான் மேல்: பச்சை மீன், உப்புத் தடவிச் சுட்ட மீன், வெறும் சோறு என்று மாற்றுவதற்கு நிறைய இருக்கிறது. கோதுமை சேர்க்காத தாமாரி சாஸ் பாட்டிலைக் கையோடு கொண்டுபோகலாமா என்று முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. கர்ப்பிணிகள், இறால் நண்டு ஒவ்வாதவர்களுக்கும் காய்செகி சரிப்படும். பச்சை மீனை மாற்றித் தருவது கடைக்காரர்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

நான்ஸென்ஜி கோயில் பக்கம் யுடோஃபு கடைகள் வரிசையாக உண்டு. ஒகுதான் என்ற பெயர் 1635 வரை பின்னோக்கிப் போகிறது. கொம்பு போட்ட நீரில் டோஃபு மிதக்கும், பார்க்கப் பரம சைவம். ஆனால் பானையின் நடுவே சூடாக நிற்கும் சின்னக் கிண்ணத்தைக் கவனியுங்கள். தொட்டுக்கொள்ளும் சாஸ் அது. பொதுவாக அதில் கட்சுவோபுஷி இருக்கும். வெறும் சோயா சாஸும் இஞ்சியும் கேட்டால் பிரச்சினை தீர்ந்தது. காய்செகிக்கும் கோயிலுக்கும் நடுவில் செலவு குறைவாக ஒரு வழி வேண்டுமென்றால் இதுதான்.

சோபா கடையில் நூடுல்ஸ் சைவம், தொட்டுக்கொள்ளும் சாறு மீன். அங்கேயும் சோயா சாஸ், துருவிய முள்ளங்கி கேட்டுப் பார்க்கலாம். பசையம் ஆகாதவர்கள் பலகையைப் படிக்க வேண்டும்: ஜுவாரி என்றால் முழுக்க பக்வீட் என்ற தானியத்தின் மாவு, நிஹாச்சி என்றால் ஐந்தில் ஒரு பங்கு கோதுமை. இரண்டும் ஒரே பானையில் வேகும் கடைகளும் உண்டு, ஆகவே சீலியாக் உள்ளவர் ஜுவாரியைக்கூட நம்ப முடியாது. பக்வீட்டே ஒவ்வாதவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவது நல்லது, மாவுத் தூசியே போதும். இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சைவக்காரருக்கு எடமாமே என்ற அவித்த பச்சை சோயாவும், மேலே கட்சுவோபுஷிச் சீவல் தூவாத குளிர்ந்த டோஃபுவும்தான்; பொரித்தது வேண்டாம், எல்லாமே ஒரே எண்ணெயில் பொரியும்.

பாக்கெட் உணவில் முட்டை, பால், கோதுமை, பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு, 2023-இல் சேர்த்த வால்நட் ஆகியவை இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் தானாகச் சரியாகிவிடாது. மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும், சமையலுக்கான சாகே என்ற அரிசி மதுவும் கோயில் சமையலிலும் புழங்குகின்றன. கோயாசான் மலையில் தங்கும் கோயில்களிலேயே விருந்தினருக்கு பீர் கிடைக்கும். மிரின், சாகே இல்லாமல் செய்ய முடியுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

வேலை நிமித்தம் போய், ஜப்பானிய மேலாளர் விருந்துக்கு அழைக்கும்போது கடையைத் தேர்ந்தெடுப்பது நாமில்லை. கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால்தான் அவருக்குத் தலைகுனிவு. டோக்கியோ என்றால் அதாகோவில் உள்ள தாய்கோ போன்ற, ஷோஜினைக் காய்செகி முறையில் பரிமாறும் இடத்தை யோசனையாகச் சொல்லலாம்: அவருக்கு விருந்தின் கௌரவம் குறையாது, நமக்குச் சாப்பாடு கிடைக்கும். கோயிலுக்கு வெளியே ஷோஜின் என்று பலகை வைத்த எல்லா இடத்திலும் மீன் தாஷி இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். முன்பதிவுக் குறிப்பில் "கட்சுவோபுஷி, நிபோஷி (காய்ந்த சிறுமீன்) வேண்டாம், கொம்பு, ஷியிடாக்கே சரி, முட்டை, பால் வேண்டாம்" என்று பொருள் பொருளாக ஜப்பானிய மொழியில் எழுதச் சொல்லுங்கள். ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் எழுதித் தருவார்கள்.