கரடி முதுகில் ஒரு வரி: உளி செட்டோடு இரண்டு வருடம்

குன்னூரில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்கள் வைத்திருக்கிற அந்த மரம் செதுக்கும் உளி செட்டின் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா?" நான் 3,400 ரூபாய் கொடுத்தது இப்போது 2,600க்குக் கிடைக்கிறது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். நடுநிலையை எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

செட்டில் என்னென்ன இருக்கின்றன என்று அவருக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எஃகைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்து வீட்டில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஒரு பழைய பேரிக்காய் மரத்தை வெட்டினார்கள். கை பருமனில் நான்கு கிளைகளைக் கேட்டு வாங்கி, வெட்டு முகங்களில் பெயின்ட் பூசி, எட்டு மாதம் நிழலில் போட்டு வைத்தேன். அந்த மரத்தில் இந்தக் கத்தி போவதைப் பார்க்க வேண்டும். கொட்டைப்பாக்கைச் சீவியது போல மெல்லிதாகச் சுருண்டு விழும். சில்வர் ஓக்கில் வேலை அவ்வளவு சுகமில்லை. செதில் செதிலாக மின்னும் அழகு அதற்கு உண்டு, ஆனால் நினைத்த இடத்தில் நிற்காமல் பிளந்துகொண்டு போகும். அதன் தூள் பட்டு என் மணிக்கட்டில் ஒரு வாரம் அரிப்பு. கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் முறுக்கிக்கொண்டு வளர்வது, அதோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஈட்டி மரத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதைக் காக்க 1994இல் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது.

என் சண்டையெல்லாம் துருவோடு.

நான் இருக்கும் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. வாங்கிய வருடம் ஐப்பசியில் ஒரு காலை பையைப் பிரித்தால், வாய் வளைந்த உளியில் மஞ்சள் குங்குமம் வைத்தது போலப் புள்ளிகள். மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து போகிற ஊர், இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று மேகத்தைத் திட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றால் இந்தக் குளிரில் அது பாட்டிலுக்குள் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் தடவினேன். பைக்குள் ஒரு கைப்பிடி அரிசி போட்டு வைத்தேன், அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துச் சொருகினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, பத்திரமாக அதே தோல் பையில் சுருட்டிக் கட்டி வைத்தேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் செதுக்கியதைப் பார்ப்பதற்கு முன் பையைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கெட்டித் தோல், பித்தளைக் கொக்கி, ஒவ்வொரு உளிக்கும் தனித்தனி அறை. ‘மரப்பட்டையில் பதனிட்டது’ என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். எனக்கும் பெருமைதான்.

இதற்கிடையில் ஒரு கரடி செய்தேன். எந்தப் படத்தையும் பார்த்துச் செய்ததில்லை, சொந்தக் கற்பனை. எங்கள் பக்கம் ராத்திரியில் கரடி கோவிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது சாதாரணம். ஆகவே அகல்விளக்கை நக்குகிற கரடி, ஒரு சாண் உயரம். இரண்டு மாத வேலை. கருத்துக் கேட்டு அலைந்தேன். மனைவி பாலை இறக்கிக்கொண்டே "அழகாக இருக்கிறது" என்றாள். அலுவலகத்தில் ஒருவர் என்ன விலை என்றார், அது கருத்தில் சேராது. மதுரைச் சொந்தங்களுக்குப் படம் அனுப்பினால் வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன்தான் உற்றுப் பார்த்து, "மாமா, பன்றி ஏன் விளக்கைத் தின்கிறது?" என்றான்.

போன ஜனவரியில், உறைபனி விழுந்து பகலெல்லாம் வறண்டு கிடந்த நாட்களில், உளியின் பிடி சுருங்கிப் பூண் கழன்றுவிட்டது. எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். ஊரில் பாதி வீடுகளின் கதவு, நிலை எல்லாம் அவர் கைவேலை. போகும்போது கரடியையும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன், தற்செயலாகக் கொண்டுவந்தது போல.

அவர் கரடியின் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. கரடியின் முதுகில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார்.

"தம்பி, இந்த வரி நீ போட்டதா, உளி போட்டதா?"

மயிர் போலத் தெரியட்டும் என்று நான் விட்டுவைத்த வரிகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொரு வெட்டிலும் ஒரே இடத்தில், நூல் கனத்தில் ஒரு மேடு. உளியை வாங்கி அதன் வாயை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கூராக இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். மின்னியது. துரு அரித்த குழி விளிம்புக்கு வந்து, அங்கே உளிக்குப் பல் விழுந்திருந்தது. அந்த ஓட்டைதான் கரடி முதுகெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பிறகு பையை வாங்கி முகர்ந்தார்.

"இதிலா வைக்கிறாய்? ஈரச் செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்குவாயா நீ?"

பட்டையில் பதனிட்ட தோலுக்குள் துவர்ப்பும் புளிப்பும் மிச்சம் இருக்கும். அது காற்றின் ஈரத்தையும் குடித்துக்கொண்டு, எஃகின் மேல் நாள் முழுக்க ஒட்டிக் கிடக்கிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகும் என்று பாட்டி சொன்ன கதைதான் என் பைக்குள் நடந்திருக்கிறது. உளியில் ஏறியிருந்த கருநீலக் கறையை நான் ஏதோ எஃகின் அழகு என்று ரசித்திருக்கிறேன். தோல் பதனிடும் பட்டைக்காகவும்தான் இந்த மலையில் சீகை மரத்தை, அதாவது வாட்டிலை, நட்டு வளர்த்தார்கள். அந்தச் சீகைகளுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு, இரண்டு மழைக்காலம் மேகத்தைத் திட்டியிருக்கிறேன். ஊருக்குப் பெயர் தந்த கோத்தர்கள் இரும்பிலும் மரத்திலும் மண்ணிலும் கை தேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து பார்சலில் உளி வரவழைத்தவனுக்கு இது போதாது.

பிடிக்கு 40 ரூபாய் வாங்கினார். பல்லைத் தேய்த்துச் சாணை பிடித்ததற்குக் காசு வாங்கவில்லை. கிளம்பும்போதுதான் கரடி முகத்தைப் பார்த்தார். "காதை மேலே தூக்கி வைத்துவிட்டாய். கரடிக்குக் காது பக்கத்தில், மயிருக்குள் கிடக்கும்." பன்றி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து உளிகள் எண்ணெய்த் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. இந்த ஐப்பசி முழுவதும் ஒரு புள்ளி இல்லை. பையில் மின்சார ரசீதுகளை வைத்திருக்கிறேன். அவை துருப்பிடிக்காது, பூசணம்தான் பிடிக்கிறது. செட்டோடு வந்த தாளைத் தேடி மறுபடி படித்தேன். பைக்கு மெருகேற்றுவது எப்படி என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. உளியை எதில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

ஆகவே நண்பரே, எஃகு அருமை, பிடி கைக்கு அடக்கம், இந்த விலைக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. வாங்காதீர்கள். காதைத் திருத்தி இரண்டாவது கரடி செய்ய, சின்ன வாய் உளி ஒன்று மட்டும் அதே ஆட்களிடம் நான் கேட்டிருக்கிறேன். பை வேண்டாம் என்று தெளிவாக எழுதினேன். பை இலவசம் என்று பதில் வந்திருக்கிறது.