தரங்கம்பாடில அரை நாள்: கோட்டையா, தெருவா?

திருக்கடையூர்ல சொந்தக்காரங்க யாருக்காவது அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ வந்தா தரங்கம்பாடியும் கூடவே வந்துடும். காலைல ஹோமம், கலச அபிஷேகம், மாலை மாத்திக்கிறது எல்லாம் முடிஞ்சு பந்தியில உக்காந்து எழுந்தா மணி பன்னெண்டு கூட ஆகியிருக்காது, வேனுக்கு முழு நாள் வாடகை பேசியாச்சு, யாராவது ஒரு சித்தப்பா "பக்கத்துல ஏதோ கோட்டை இருக்காமே"ன்னு ஆரம்பிப்பார். 10 கிலோமீட்டர் கூட இல்லாததால எல்லாரும் பட்டுப்புடவை கசங்க ஏறி உக்காந்துடுவோம். கோட்டை வாசல்ல இறங்கி, மேல ஏறி, கடலை பின்னாடி வச்சு போட்டோ எடுத்து, கீழ வந்து சுண்டல் வாங்கி, நாப்பது நிமிஷத்துல திரும்ப வேன். நானும் மூணு கல்யாணத்துக்கு இப்படித்தான் தரங்கம்பாடி "பாத்தேன்".

நாலாவது தடவை எங்க அத்தையோட போனப்போ அன்னைக்கு வெள்ளிக்கிழமை. கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, அது எனக்கு தெரியாது, தெரிஞ்சிருக்கணும், அரசாங்க மியூசியம் நிறைய இடத்துல அப்படித்தான். பூட்டின கேட்டை பாத்துட்டு "இதுக்காடா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தே"ன்னு அத்தை பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. வேற வழியில்லாம தெருவுக்குள்ள நடந்தோம். அன்னைக்குத்தான் புரிஞ்சுது, மூணு தடவையும் நான் ஊரை பாக்கவே இல்ல, ஊரோட கடைசி கட்டடத்தை மட்டும் பாத்துட்டு திரும்பியிருக்கேன்னு. அதனால அரை நாள் மட்டும் வச்சிருக்கவங்களுக்கு எது முதல்ல, எது நேரமிருந்தா, எதை விடலாம்னு என் கணக்கை சொல்றேன்.

முதல்ல கோட்டை, ஏன்னா எல்லாரும் கேக்கறது அதைத்தான். டேன்ஸ்பர்க் கோட்டை 1620ல டென்மார்க்காரங்க கட்டினது. மிளகு வியாபாரத்துக்கு இலங்கை பக்கம் கப்பல்ல வந்து அங்க சரிப்படாம, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி இங்க இறங்கினாங்க. கப்பல் கூட்டத்துக்கு தலைவர் ஓவ கெட்டே, அவருக்கு அப்போ இருபத்தஞ்சு வயசுதான். ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பின தங்க ஓலைக் கடிதம் இன்னும் கோபன்ஹேகன்லதான் இருக்கு, இங்க இல்ல, இங்க தேடாதீங்க.

கோட்டைன்ன உடனே செஞ்சி மாதிரி, வேலூர் மாதிரி கற்பனை பண்ணிட்டு போனா ஏமாந்துடுவீங்க. சின்னது. ரெண்டு தளம், கீழ சரக்கு வைக்கிற இடம், ஜெயில், சிப்பாய்ங்க இருக்கற அறை, மேல கவர்னரும் பாதிரியாரும் தங்கின பகுதி. இவ்ளோதான். பெரிய ரகசிய சுரங்கம், ராணி குளிச்ச குளம்னு கதை சொல்ல ஆள் கிடையாது, அது ஒரு வகையில நிம்மதி. மியூசியத்துல பீங்கான் சாமான், டேனிஷ் கையெழுத்துப் பிரதிகள், வாள், ஈட்டி, பீரங்கி குண்டு, திமிங்கல எலும்பு கூட கொஞ்சம் இருக்கு, ஆனா எது எங்க கிடைச்சுது, ஏன் முக்கியம்னு சொல்ற எழுத்து கம்மி. பசங்க திமிங்கல எலும்புகிட்ட நிப்பாங்க, மத்ததை அஞ்சு நிமிஷத்துல தாண்டிடுவாங்க. எனக்கு பிடிச்சது கீழ் அறைங்கதான். வெளிய மண்டை காயற வெயில் அடிக்கும்போது அந்த வளைவு கூரை அறைக்குள்ள நுழைஞ்சா சுவரே ஜில்லுன்னு இருக்கும், உப்புக்காத்து பட்டு சுண்ணாம்பு பூச்சு செதில் செதிலா உரிஞ்சு வரும், கையை வச்சு எடுத்தா விரல்ல வெள்ளையா ஒட்டிக்கும். இந்த இடமே 1978 வரைக்கும் பயணிகள் தங்கற பங்களாவா இருந்துச்சு, அப்புறம்தான் தொல்லியல் துறை எடுத்துச்சு. அந்தக் காலத்துல இங்க ராத்திரி தங்கினவங்க மேல எனக்கு கொஞ்சம் பொறாமை உண்டு.

இப்போ தெரு பக்கம் வாங்க. ஈசிஆர்லேர்ந்து திரும்பினதும் ஒரு வெள்ளை வளைவு வாசல் வரும், வேன் டிரைவர் அதுக்குள்ள விர்ருன்னு ஓட்டிட்டு போயிடுவார், அங்கயே இறங்கிடுங்க, இதுதான் என் முதல் யோசனை. இப்ப இருக்கற வாசல் 1792ல கட்டினது, அதுக்கு முன்னாடி இருந்தது போயிடுச்சு. ஒரு காலத்துல ஊரைச் சுத்தி மதில், இது வழியாத்தான் உள்ள வரணும். அங்கேர்ந்து நேரா கடல் வரைக்கும் போறது ராஜ வீதி, கிங்ஸ் ஸ்ட்ரீட்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். நடந்தா பத்து நிமிஷம், நின்னு நின்னு பாத்தா ஒரு மணி நேரம்.

இந்த தெரு எப்படி இப்படியே நின்னுச்சுங்கறதுதான் எனக்கு கோட்டையை விட சுவாரசியம். 1845ல டென்மார்க்காரங்க வங்காளத்துல அவங்ககிட்ட இருந்த செராம்பூரையும் இதையும் சேத்து பிரிட்டிஷ் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு வித்துட்டு கெளம்பிட்டாங்க. அப்புறம் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்துச்சு, வியாபாரம் அதுகூட அங்க போயிடுச்சு, தரங்கம்பாடில இடிச்சு புதுசா கட்டறதுக்கு யார்கிட்டயும் காசும் இல்ல காரணமும் இல்ல. ஊர் படுத்துச்சு, அதனாலேயே கட்டடம் தப்பிச்சுது. பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தெருவை மனசுல வச்சுட்டு வந்தா இங்க காபி ஷாப்பும் கிடையாது, மஞ்சள் சுவர் முன்னாடி போஸ் குடுக்கற கூட்டமும் கிடையாது. ஒரு பக்கம் பெரிய தூண் வச்ச டேனிஷ் வீடு, அதுல இப்ப கன்னியாஸ்திரிங்க மடம் நடக்குது, இன்னொரு பக்கம் ஸ்கூல் விட்டு சைக்கிள்ல போற பசங்க. அதை ஒட்டின சந்துல திரும்பினா தங்காசாரி தெரு மாதிரி சின்னத் தெருங்கள்ல திண்ணை வச்ச நம்ம ஊர் ஓட்டு வீடுங்க, சுனாமிக்கு அப்புறம் சிலதை பழைய மாதிரியே பழுது பாத்து வச்சிருக்காங்க. எங்க அத்தை ஒரு திண்ணையில உக்காந்துட்டாங்க, உள்ளேர்ந்து ஒரு பாட்டி வந்து "தண்ணி வேணுமாம்மா"ன்னு கேட்டு சொம்புல குடுத்துட்டு, "எந்த ஊரு, யாருக்கு கல்யாணம்"னு விசாரிக்க ஆரம்பிச்சு, அரை மணி நேரம் போனதே தெரியல. கோட்டை மூடியிருந்த கோவம் அங்கதான் தணிஞ்சுது.

அதே தெருவுலதான் புது எருசலேம் ஆலயம். என் கணக்குல இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் பாக்க முடியும்னா இதைத்தான் சொல்லுவேன், கோட்டையை இல்ல. சீகன்பால்குங்கற ஜெர்மன் பாதிரியார், புளூட்சோங்கற இன்னொரு பாதிரியாரோட 1706 ஜூலை 9ல இங்க வந்து இறங்கினார், வயசு 23 தான். சின்ன பசங்களோட மணல்ல உக்காந்து விரலால எழுதி தமிழ் கத்துக்கிட்டார்னு சொல்லுவாங்க. 1707ல முதல் கோயில் கட்டினாங்க, அதை கடல் விடல, அதனாலதான் இதுக்கு "புது" எருசலேம்னு பேரு, 1718ல முடிஞ்சுது, முகப்புல அந்த வருஷமும் டென்மார்க் ராஜாவோட முத்திரையும் இருக்கு. அடுத்த வருஷமே சீகன்பால்கு 36 வயசுல போய் சேர்ந்துட்டார், உள்ளயே பீடத்துக்கு முன்னாடி அடக்கம். சிலுவை மாதிரி நாலு பக்கமும் ஒரே அளவுக்கு நீண்ட கட்டடம், உள்ள பெரிய அலங்காரமே இல்ல, இன்னும் ஞாயித்துக்கிழமை தமிழ்ல ஆராதனை நடக்குது. எதிர்லயே சீயோன் ஆலயம், 1701, டேனிஷ்காரங்க தங்களுக்காக கட்டிக்கிட்டது, வெளியிலேர்ந்து பாத்தாலே போதும்.

இதோட சேத்து பாக்க வேண்டியது அட்மிரல் தெருவுல சீகன்பால்கு இருந்த வீட்டு இடத்துல 2017ல திறந்த மியூசியம். கோட்டை மியூசியத்தோட நேருக்கு நேர் வச்சு பாத்தா இதுதான் ஜெயிக்கும், சாமான் கம்மியா இருக்கலாம், ஆனா கதை இருக்கு. அச்சுக்கூடம் வந்த கதையை மட்டும் எடுத்துக்கங்க. ஜெர்மனில ஹாலேவுல செஞ்சு அனுப்பின தமிழ் எழுத்து ரொம்ப பெருசா இருந்துச்சு, பேப்பர் தாங்கல, அதனால இங்கயே சின்னதா வார்க்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு ஈயம் இல்லாம இங்கிலாந்துலேர்ந்து வந்த சீஸ் டப்பாவோட ஈய மூடியை உருக்கினாங்களாம். பேப்பரும் பத்தல, பக்கத்துல பொறையார்ல காகிதப் பட்டறையே வச்சாங்க. இப்படி பாடுபட்டுத்தான் 1715 வாக்குல தமிழ்ல புதிய ஏற்பாடு முழுசா வந்துச்சு. ஆனா ஒண்ணு, ஊர்ல சில பேர் "தமிழ்ல முதல் அச்சு புத்தகமே இங்கதான்"னு அடிச்சு சொல்லுவாங்க, அது தப்பு. 1578லயே கொல்லத்துல தம்பிரான் வணக்கம் அச்சாகிடுச்சு, இதுக்கு 130 வருஷத்துக்கும் முன்னாடி. அதனால சீகன்பால்குவுக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது, சீஸ் மூடியை உருக்கினவருக்கு முதல் பரிசு வேற வேணுமா என்ன.

கடற்கரை ஓரமா மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1305-06 வாக்குல கட்டினது, அதாவது டேனிஷ்காரங்க வர்றதுக்கு முன்னூறு வருஷம் முன்னாடி. கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம்னும் இருக்கு. கடல் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு கோயிலோட முன் பகுதியை எடுத்துட்டு போயிடுச்சு. பழைய போட்டோல பாதி இடிஞ்சு அலைக்குள்ள நிக்கற மாதிரி இருக்குமே, அதை நம்பி போகாதீங்க, அப்புறம் திருப்பணி பண்ணி, கரைக்கு பாறாங்கல் கொட்டி இப்போ வேற மாதிரி இருக்கு. அழகு குறைஞ்சு போச்சுன்னு போட்டோகிராபர் நண்பன் ஒருத்தன் புலம்பினான், கோயில் நிக்கணுமா உன் போட்டோ நிக்கணுமான்னு கேட்டேன். கோட்டைக்கும் இதுக்கும் நடை தூரம்தான், பத்து நிமிஷம் ஒதுக்கினா போதும்.

பீச் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ஓசோன் காத்து வீசற பீச்சுன்னு ஒரு பேச்சு ரொம்ப வருஷமா சுத்துது, எனக்கு வந்தது நெத்திலி காயற வாசனைதான். அலை பலமா இருக்கும், கல்லு வேற, குளிக்க இறங்காதீங்க. 2004 சுனாமில அடி வாங்கின கரை இது. உக்காந்து காத்து வாங்கறதுக்கு மட்டும் பத்துக்கு பத்து.

இன்னொரு கேள்வி வரும், தரங்கம்பாடிக்கு பதிலா பூம்புகார் போலாமான்னு. அதுவும் திருக்கடையூர்லேர்ந்து பக்கம்தான். ஏழு நிலை மாடம் வச்ச சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ல வந்தது, உள்ள கண்ணகி கோவலன் கதை முழுக்க கல் சிற்பமா இருக்கு, பெரியவங்களுக்கு கதை தெரியும்ங்கறதால நின்னு நின்னு பாப்பாங்க. ஆனா பழைய பூம்புகார் ஊரு கண்ணுக்கு தெரியாது, கடலுக்கும் மண்ணுக்கும் கீழ போயாச்சு, நீங்க பாக்கறது அதோட நினைவா கட்டின கட்டடம். தரங்கம்பாடில அசல் ஊரே நிக்குது, அதுல ஆளுங்க குடியிருக்காங்க. பழைய ஊரை பாக்கணும்னா தரங்கம்பாடி, கதை கேக்கணும்னா பூம்புகார். ரெண்டையும் ஒரே மதியத்துல அடிச்சுடலாம்னு வேன் டிரைவர் சொன்னா நம்பாதீங்க, நாங்க நம்பி, ரெண்டு இடத்துலயும் பாத்ரூம் மட்டும்தான் ஒழுங்கா பாத்தோம்.

யார் கூட போறீங்கங்கறதும் இருக்கு. முட்டி வலி உள்ள பெரியவங்கன்னா கோட்டை மேல் தளத்துக்கு படி ஏத்தாதீங்க, சமதரைத் தெரு, நடுவுல திண்ணை, எருசலேம் கோயிலுக்குள்ள பெஞ்சு, அவங்களுக்கு அதுதான். அஞ்சாறு வயசு வாண்டுங்கன்னா தெருவுல பத்து நிமிஷத்துல "போர்"னு இழுக்கும், அவங்களுக்கு பீரங்கியும் மதில் மேல ஓடறதும் வேணும், கோட்டைக்கே விடுங்க, ஆனா கடல் பக்க சுவர்கிட்ட கையை பிடிச்சுக்கங்க.

நேரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. ஒரு மணிக்கு வந்து இறங்கினா கோட்டை முன்னாடி இருக்கற மைதானத்துல ஒரு மரத்தோட நிழல் கூட உருப்படியா கிடைக்காது, செருப்பை மீறி சூடு ஏறும், மியூசியத்துக்கு மதிய இடைவேளை வேற இருக்கும். அதனால நான் இப்போ போறது தலைகீழா. மதியம் பொறையார்லயோ திருக்கடையூர்லயோ சாப்பிட்டுட்டு, வேன்லயே ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு, மூணு மணிக்கு நகர வாசல்ல இறங்கி, முதல்ல சீகன்பால்கு வீடு, அடுத்து எருசலேம் கோயில், சந்து வீடுங்க, கோட்டைக்கு எதிர்ல கவர்னர் பங்களாவோட தூணை ஒரு பார்வை, நாலே முக்காலுக்கு கோட்டைக்கு டிக்கெட். மியூசியத்தை வேகமா முடிச்சுட்டு மேல் தளத்துல நின்னா வெயில் பின்பக்கம் ஊர் மேல சாயும், கோட்டை நிழல் நீளமா கடற்கரை மணல்ல விழும். காவலாளி விசில் ஊதற வரைக்கும் நிக்கலாம், ஊதினதும் இறங்கிடுங்க, வெளிய சுண்டல்காரர் அப்போதான் சூடா புது குண்டான் இறக்கியிருப்பார்.