‘மைல்ஸ் கண்டிப்பா வரும் சார்’: கோல்டு தகுதிக்காகச் சீட்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

விமான நிறுவனங்கள் அடிக்கடி பறப்பவர்களுக்கு ‘மைல்’ என்ற பெயரில் புள்ளிகள் தரும் ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் திட்டங்களில் கோல்டு, பிளாட்டினம் போன்ற உயர்நிலைத் தகுதியை இழக்காமல் இருப்பதற்காக, உறுப்பினர் ஆண்டு முடிவதற்குள் இன்னொரு விமானச் சீட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தகுதிக்கான மைல்கள் முழுமையாகச் சேரும் என்று மின்னஞ்சலிலேயே உறுதியளித்து, சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு பயண முகவர் நிறுவனம் எனக்கு ஐரோப்பா சென்று திரும்பும் பிசினஸ் வகுப்புச் சீட்டு ஒன்றை விற்றது. அந்தப் பயணத்துக்கு ஒரு மைல்கூடச் சேரவில்லை. விமான நிறுவனமோ, ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லியே என் உறுப்பினர் ஆண்டைக் கடத்திவிட்டு, அதன் பிறகு முடியாது என்று கைவிரித்தது. புகார் விசாரணையில் இருப்பதால் இரு நிறுவனங்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இது எப்படி நடந்தது என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

கோல்டு அட்டை வெறும் கௌரவத்துக்கானது என்று நினைப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை நிறுவித் தருவது என் வேலை. கருவிகளை உடன் எடுத்துச் செல்லாமல் முடியாது. பல விமான நிறுவனங்கள் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் கோல்டு உறுப்பினருக்கு, எடைக் கணக்கில் பெட்டிகளை ஏற்கும் தடங்களில் 20 கிலோ கூடுதலாகவும், எண்ணிக்கைக் கணக்கில் ஏற்கும் தடங்களில் ஒரு பெட்டி கூடுதலாகவும் கிடைக்கும். அதே கூட்டணி விமானத்தில் உடன் பயணம் செய்யும் ஒருவரை லவுஞ்சுக்குள் அழைத்துச் செல்லலாம். சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுபவை என்பதால், அந்நேரத்தில் ஒழுங்காக உட்கார ஓர் இடமும் சூடான உணவும் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. ஆகவே, தகுதியை இழப்பது என்னைப் போன்றவர்களுக்கு நேரடியான பண இழப்பு.

இந்த ஏமாற்று எதில் காலூன்றி நிற்கிறது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். மைல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செலவழித்து இலவசச் சீட்டு வாங்கிக்கொள்ளும் மைல். இது கிரெடிட் கார்டு, ஹோட்டல், கடை என்று பல வழிகளில் வந்து சேரும். மற்றொன்று, உங்களுடைய தகுதியைத் தீர்மானிக்கும் மைல் அல்லது புள்ளி. பெரும்பாலான திட்டங்களில் இது விமானத்தில் பறந்தால் மட்டுமே, அதுவும் தகுதியுள்ள கட்டணத்தில் பறந்தால் மட்டுமே சேரும். ‘மைல்ஸ் வரும்’ என்று விற்பவர் சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்று நமக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது.

சீட்டில் பிசினஸ் என்றோ எகானமி என்றோ எழுதியிருப்பது போதாது. அதற்குள் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. அதைத்தான் புக்கிங் கிளாஸ் என்கிறார்கள். முழுக் கட்டண எகானமிக்கு ‘ஒய்’, முழுக் கட்டண பிசினஸுக்கு ‘ஜே’ என்பது பரவலான வழக்கம். அவற்றுக்குக் கீழே சலுகைக் கட்டணங்களுக்கு வேறு எழுத்துகள் வரிசையாக இருக்கும். அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்து, ஒரே உணவை உண்டு பயணம் செய்யும் இருவரில் ஒருவருக்கு முழு மைல் சேரும், மற்றவருக்குப் பாதி சேரும், அல்லது எதுவுமே சேராது. இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 1,800 மைல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் எலைட் கோல்டு தகுதிக்கு 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் என்ற அளவை எடுத்துக்கொண்டால், பறந்த தூரம் முழுமையாகச் சேரும் கட்டணத்தில் 28 ஒருவழிப் பயணங்கள் போதும். பாதி மட்டுமே சேரும் கட்டணத்தில் 56 தேவைப்படும். இரண்டு கட்டணங்களையும் முகவர் ஒரே வாக்கியத்தில், ‘மைல்ஸ் உண்டு’ என்றுதான் விற்பார்.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததால்தான் பணம் கட்டும் முன்பே குறிப்பாகக் கேட்டேன். தொலைபேசியில் பேசிய ஊழியர், “பிசினஸ் கிளாஸ் சார் இது, மைல்ஸ் கண்டிப்பா வரும் சார், எத்தனையோ கஸ்டமருக்குப் போட்டுக் குடுத்திருக்கோம்” என்றார். “எந்த மைல்ஸ் தம்பி? ஸ்டேட்டஸ் மைல்ஸா? புக்கிங் கிளாஸ் என்ன எழுத்து?” என்று கேட்டேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மாலையில் மின்னஞ்சல் வந்தது: தகுதிக்கான மைல்கள் நூறு சதவீதம் சேரும் என்று தெளிவாக எழுதி, தகுதியுள்ள பிசினஸ் எழுத்து ஒன்றையும் குறிப்பிட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் பணம் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்து, பயணத் தேதிக்கு முந்தைய நாள் இரவுதான் இ-டிக்கெட் கைக்கு வந்தது. அதில் இருந்தது வேறு எழுத்து.

அந்தச் சீட்டில் இன்னொன்றும் இருந்தது. இதைக் கவனமாகப் பாருங்கள். கட்டணம் என்ற கட்டத்தில் ரூபாய்த் தொகைக்குப் பதிலாக ‘ஐடி’ (IT) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருந்தன. சுற்றுலாத் தொகுப்புகளோடு சேர்த்து விற்பதற்காக விமான நிறுவனங்கள் முகவர்களுக்கு மலிவாகத் தரும் கட்டணங்களில் உண்மையான விலையை மறைக்க இப்படி அச்சிடுவது வழக்கம். ‘பிடி’ (BT) என்று வந்தாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். குழுக் கட்டணம், வாடகை விமானம், பயணத் துறை ஊழியர்களுக்கான சலுகைச் சீட்டு, மைல் கொடுத்து வாங்கிய இலவசச் சீட்டு ஆகியவற்றோடு இத்தகைய சில கட்டணங்களையும் பல திட்டங்கள் தகுதிக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. என் திட்டமும் அப்படித்தான். மலிவாக வாங்கிய தொகுப்புச் சீட்டை, தகுதி தேடும் ஒருவரிடம் தனிச் சீட்டின் விலைக்கு விற்றிருக்கிறார்கள். மறுநாள் காலை தொழிற்சாலையில் எனக்காகக் காத்திருந்தார்கள். பயணத்தை ரத்து செய்யும் நிலையில் நான் இல்லை. சீட்டு தாமதமாகக் கொடுக்கப்பட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பயணம் முடிந்து திரும்பியதும், விடுபட்ட மைல்களுக்கான கோரிக்கையை போர்டிங் பாஸ், இ-டிக்கெட் எண் ஆகியவற்றோடு விமான நிறுவனத்துக்கு அனுப்பினேன். முதல் பதில், சில வாரங்களில் சேர்ந்துவிடும் என்றது. இரண்டாவது, கூட்டாளி நிறுவனத்திடம் கேட்டிருப்பதாகச் சொன்னது. மூன்றாவது பதிலில் முதல் பதிலையே திரும்ப ஒட்டியிருந்தார்கள். உறுப்பினர் ஆண்டு முடிகிறது, தகுதியில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு சீட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று தெளிவாக எழுதியும் பதில் இல்லை. ஆண்டு முடிந்து, கணக்கு கோல்டிலிருந்து கீழே இறக்கப்பட்ட பிறகு, அந்தக் கட்டண எழுத்துக்கு மைல் கிடையாது என்று இரண்டு வரியில் எழுதினார்கள். அவர்களுடைய சொந்த அட்டவணையைப் பார்த்து முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய பதில் இது.

அடுத்த பயணத்தில் அதன் விலை தெரிந்தது. கோல்டு தகுதி இருந்தபோதே வாங்கிய சீட்டு அது. செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் இரண்டு பெட்டிகளையும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, “சார், இப்போ உங்களுக்குக் கோல்டு காட்டல. முப்பது கிலோதான் அலவுடு” என்றார். சீட்டு வாங்கிய நாளில் இருந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். பயணம் செய்யும் நாளில் என்ன தகுதி இருக்கிறதோ அதுதான் செல்லுபடியாகும். வாங்கிய நாளில் இருந்தது கணக்கில் வராது. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மிகை எடைக்குக் கட்டிய தொகை, அந்தப் பயணத்தின் எகானமிச் சீட்டு விலையில் கணிசமான பங்கு. ரசீதைப் பத்திரமாக வைத்து, புகாரோடு இணைத்திருக்கிறேன்.

தகுதி என்பது உறுப்பினரின் உரிமை அல்ல, நிறுவனம் தரும் சலுகை என்றுதான் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களின் விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு ரப்பி (யூத மதகுரு), தன் பிளாட்டினம் எலைட் உறுப்பினர் தகுதியை 2008-இல் நார்த்வெஸ்ட் நிறுவனம் ரத்து செய்ததை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014 ஏப்ரலில், நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற மாநிலச் சட்டக் கடமையின் அடிப்படையில் அவர் எழுப்பிய கோரிக்கையை, விமானத் துறைக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் தடுக்கிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. அங்கேயே நிலைமை அப்படி.

விதிகளும் நம் காலடியில் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரமே கணக்கு. 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-இல் அமெரிக்கனும், செலவழிக்கும் மைல்களைச் சீட்டின் விலைக்கேற்ப வழங்கத் தொடங்கின. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் தகுதிப் புள்ளிகளையே செலவழித்த பவுண்டுக் கணக்குக்கு மாற்றி, சில்வருக்கு 7,500, கோல்டுக்கு 20,000 என்று நிர்ணயித்தது. லுஃப்தான்ஸாவின் மைல்ஸ் அண்ட் மோர் 2024 முதல் மைல்களை விட்டுப் புள்ளிகளுக்கு மாறியது. அங்கே செனட்டர் என்ற உயர்நிலைத் தகுதிக்கு வேண்டிய 2,000 புள்ளிகளில் 1,000, கூட்டணியின் சில நிறுவன விமானங்களில் மட்டுமே கிடைக்கும் தகுதிப் புள்ளிகளாக இருக்க வேண்டும். யுனைடெட்டில் குறைந்தது நான்கு பயணங்களாவது அதன் சொந்த விமானங்களில் இருக்க வேண்டும். ‘எந்தக் கூட்டாளி விமானமாக இருந்தாலும் சரி’ என்று ஒரு முகவர் சொன்னால், இந்த விதிகளை அவர் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது பிளாட்டினம் அட்டைகள் வெறும் அட்டைகளாயின. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் உறுப்பினர்கள் இன்னொரு திட்டத்தின் விதிகளுக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆகவே, சென்ற ஆண்டு ஒரு நண்பருக்குச் சேர்ந்தது என்பது இந்த ஆண்டு உங்களுக்குச் சேரும் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

தகுதிக்காகவே சீட்டு வாங்குபவர்கள், பணம் கட்டும் முன் முகவரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்க வேண்டும்: பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குமான (ஒவ்வொரு விமானத்துக்குமான) புக்கிங் கிளாஸ் எழுத்து, அந்தக் கட்டத்தை உண்மையில் இயக்கும் நிறுவனம், சீட்டை வெளியிடும் நிறுவனம். கடைசியாகச் சொன்னதை, சீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே காட்டிவிடும்: 098 என்றால் ஏர் இந்தியா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 220 என்றால் லுஃப்தான்ஸா. சில திட்டங்களில் யார் வெளியிட்ட சீட்டு என்பதைப் பொறுத்துப் புள்ளிக் கணக்கே மாறுகிறது. இந்த விவரங்களை வைத்து, உங்கள் கணக்கு இருக்கும் திட்டத்தின் இணையதளத்தில், இயக்கும் நிறுவனத்துக்கான அட்டவணையைப் பாருங்கள். பறக்கும் நிறுவனத்தின் சொந்தத் திட்ட அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. பணம் கட்டியதும் சீட்டைக் கேளுங்கள். ‘பயணத்துக்கு முந்தைய நாள் தருகிறோம்’ என்று சொல்லும் இடத்தில் தகுதிக்கான சீட்டை வாங்காதீர்கள். முடிந்தால் விமான நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும் பேச்சுக்குப் பேச்சு ஆதாரம் இருக்கும். ஏறும் முன் போர்டிங் பாஸைப் படம் எடுத்து வையுங்கள், மைல் சேரும் வரை அழிக்காதீர்கள்.

கோல்டு தகுதியையே நேரடியாக விலைக்கு வாங்கித் தருவதாகச் செய்தி அனுப்புபவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். வேறு திட்டத்தின் அட்டையைப் போலியாகக் காட்டி ஸ்டேட்டஸ் மேட்ச் (ஒரு திட்டத்தில் உள்ள தகுதியைப் பார்த்து இன்னொரு திட்டம் தரும் இணையான தகுதி) வாங்குவதே அவர்களில் பலருடைய வழி. பிடிபட்டால் கணக்கு மூடப்படும், பல ஆண்டுகளாகச் சேர்த்த மைல்களும் சேர்ந்து போய்விடும். அதற்காகப் புகார் செய்யக்கூட உங்களுக்கு முகம் இருக்காது.

என் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், முகவர் நிறுவனத்தின்மீது முதன்மையாகவும், பதிலை இழுத்தடித்ததற்காக விமான நிறுவனத்தின்மீதும் பதிவாகியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அதன் பிறகுதான் முகவர் நிறுவனம் முதன்முறையாக எழுத்தில் பதில் தந்தது. சேவைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதாகவும், புகாரை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். எழுத்து ஒன்றைச் சொல்லிவிட்டு வேறு எழுத்தில் சீட்டு போட்டதை அந்தப் பதிலில் அவர்கள் மறுக்கவில்லை. அந்த மின்னஞ்சலையும் இ-டிக்கெட்டையும் அருகருகே அச்சிட்டு மனுவின் முதல் இணைப்பாக வைத்திருக்கிறேன். இதே போல் ஏமாற்றப்பட்டவர்கள் இருந்தால், சீட்டின் கட்டணக் கட்டத்தில் ‘ஐடி’ இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுக் கெடு முடியாதவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது.