எக்நாக்: கார்ட்டனா, வீட்டில் காய்ச்சியதா, ரம்மில் ஊறியதா?

எக்நாக் என்றால் பால், முட்டை, சர்க்கரை, ஜாதிக்காய் சேர்த்த கிறிஸ்துமஸ் கால பானம். அமெரிக்கக் கடைகளில் நவம்பர் பிறந்ததும் பால் வரிசையில் அதன் கார்ட்டன்கள் வந்துவிடும். புத்தாண்டு தாண்டினால் கண்ணில் படாது. ருசியில் வீட்டில் செய்ததுதான் ஒசத்தி, அதில் பேச்சே இல்லை. ஆனாலும் நான் இப்போது வாங்குவது கார்ட்டன்தான். எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் காரணம்.

வீட்டில் என்றால் பாலும் முட்டையும் கலந்து, 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை கைவிடாமல் கிண்ட வேண்டும். சூடு ஏறிப்போனால் முட்டைப் பொரியல்தான். அவ்வளவு பாடுபட்டும் ஃபிரிட்ஜில் இரண்டு முதல் நான்கு நாள். எங்கள் வீட்டில் குடிப்பது நான் ஒருத்தி. பிள்ளைகள் ஒரு வாயோடு ஓடிவிடுவார்கள். மிச்சம் சிங்க்குக்குத்தான். பச்சை முட்டையில் அப்படியே அடிப்பது இன்னும் வம்பு: வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இருந்தாலும் வாடையோ ருசியோ காட்டிக்கொடுக்காது.

கார்ட்டனில் ‘அல்ட்ரா பாஸ்சரைஸ்டு’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். குறைந்தது 138 டிகிரியில் இரண்டு நொடி சூடாக்கியது. திறக்காதவரை ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கும். சாதாரண பாஸ்சரைஸ்டு அவ்வளவு தாங்காது. பலரும் கோட்டைவிடுவது தேதியில்தான். அச்சிட்ட தேதி திறக்காத கார்ட்டனுக்கு. மூடியைத் திருகிவிட்டால் ஐந்து முதல் ஏழு நாள், அவ்வளவுதான். அதனால் நான் திறந்த நாளை மூடியிலேயே பேனாவால் எழுதிவிடுவேன். வைக்கும் இடம் ஃபிரிட்ஜ் கதவு வேண்டாம், உள் தட்டு. கதவு திறக்கும்போதெல்லாம் அங்கேதான் முதலில் சூடு தட்டும். கெட்டுவிட்டதா என்று மூக்கை மட்டும் நம்பாதீர்கள், ஜாதிக்காய் வாசனை லேசான புளிப்பை மறைத்துவிடும். கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள்: திப்பி திப்பியாக ஒட்டினாலோ, கார்ட்டன் உப்பியிருந்தாலோ கொட்டிவிடலாம். விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் திரும்பக் கார்ட்டனில் ஊற்றவே கூடாது.

மூன்றாவது, ரம்மோ போர்பன் விஸ்கியோ தாராளமாகச் சேர்த்து ஃபிரிட்ஜில் ஊறவைப்பது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலாளர் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டின் ஆய்வகத்தில் இந்த வழக்கம் இருந்தது. அங்கே வேண்டுமென்றே சால்மொனெல்லாவைக் கலந்து சோதித்தபோது, மூன்று வாரத்தில் கிருமி எதுவும் மிஞ்சவில்லை. அதற்காக, குடிக்கும் நேரத்தில் டம்ளரில் கொஞ்சம் ரம் விட்டால் கிருமி சாகும் என்று எண்ண வேண்டாம். தோழி வீட்டில் ருசி பார்த்ததோடு சரி, நானாக ஊறவைத்ததில்லை. ஆகவே இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பல கடைகளில் விலை இறங்கும். அப்போது வாங்கினால் பின்வரிசையில் கைவிட்டு, தேதி தள்ளியிருக்கும் கார்ட்டனாக எடுங்கள்.